ஈரோட்டு ஏசியும் வடவள்ளி ஏசியும்: ஸ்டார் கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது

கோவையிலோ ஈரோட்டிலோ ஏசி வாங்கக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். “அஞ்சு ஸ்டாரே எடுத்துக்குங்கண்ணா, கரண்ட் பில்லு பாதியாயிருமுங்க” என்பார் விற்பனையாளர். பாதியாகாது. எவ்வளவு குறையும் என்பதை ஏசியில் ஒட்டியிருக்கும் லேபிளை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கணக்கின் விடை எல்லோருக்கும் ஒன்றாக வராது. ஊர், வீட்டின் மாடி, இ.பி. பில்லில் நீங்கள் நிற்கும் கட்டணப் படி இவற்றைப் பொறுத்து மாறும். கொங்குப் பகுதிக்குள்ளேயே இந்த வித்தியாசம் பெரிது.

முதலில் லேபிள். ஸ்டார் கொடுப்பது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். அதில் ஸ்டாரைவிட முக்கியமான எண்கள் இரண்டு உண்டு. ஒன்று ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். வருடம் முழுக்க ஏசி அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளும் வெப்பத்தை, அதற்குத் தின்ற மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது. வெளியே 24 முதல் 43 டிகிரி வரை பலவித வெயில் அடிக்கும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. இன்னொன்று, 1,600 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஸ்டார் என்பது வகுப்பில் ரேங்க் மாதிரி, பரீட்சை மாறினால் ரேங்கும் மாறும். 2018 அட்டவணைப்படி ஸ்பிளிட் ஏசிக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.5 இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அதை 5.0 ஆக உயர்த்தினார்கள். 2026 ஜனவரியில் இன்னும் இறுக்கினார்கள். ஆகவே ஆஃபரில் பழைய சரக்கைத் தள்ளும்போது, லேபிளில் எந்தக் காலத்துக்கான ஸ்டார் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். பழைய 5 ஸ்டாரும் புது 4 ஸ்டாரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். அப்படியானால் பழையதை வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் விலை அதற்குத் தகுந்தபடி இறங்கியிருக்க வேண்டும்.

2022 அட்டவணையில் வந்த ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிகளை எடுத்துக்கொண்டால், 3 ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 950 யூனிட்டை ஒட்டியும் 5 ஸ்டாரில் 750 யூனிட்டை ஒட்டியும் இருக்கும். வித்தியாசம் 200 யூனிட். 1,600 மணி நேரத்துக்கு 200 என்றால், மணிக்கு எட்டில் ஒரு யூனிட். 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். புது அட்டவணையில் வாங்குபவர்களும் இரண்டு லேபிளின் யூனிட்டையும் கழித்து 1,600 ஆல் வகுத்தால் தங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

அடுத்தது, நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்? இங்கேதான் ஊர் வருகிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளி அது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் அதன் வழியாக உள்ளே வந்துவிட்டால் வடவள்ளி, பேரூர், பொள்ளாச்சிப் பக்கம் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தாலே போர்வை தேட வேண்டியிருக்கும். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்றுதான் இந்த வீடுகளில் ஏசிக்கு விடுமுறை கொடுக்கிறது. ஈரோடும் கரூரும் அப்படியில்லை. உயரமும் குறைவு, காற்று வந்து சேர்வதற்குள் குளிர்ச்சியும் போய்விடுகிறது. 2024 ஏப்ரலில் ஈரோடு, சேலம், கரூர் பரமத்தி மூன்றும் 40 டிகிரிக்கு மேல் காய்ந்தது பலருக்கு நினைவிருக்கும்.

சரி, இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். வடவள்ளியில் ஒரு வீடு: மார்ச் நடுவில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை ராத்திரி மட்டும் எட்டு மணி நேரம். வருடத்துக்கு 700 மணி நேரம் ஆகலாம். ஈரோட்டில் ஒரு மேல்மாடி வீடு: பகலில் தாத்தா பாட்டிக்கும் போட வேண்டும், செப்டம்பர் வரை நிறுத்த முடியாது. 2,000 மணி நேரம் சாதாரணமாக வந்துவிடும். மணிக்கு எட்டில் ஒரு யூனிட் என்றால் முதல் வீட்டுக்கு 5 ஸ்டார் மிச்சம் செய்வது வருடத்துக்கு 90 யூனிட்டுக்குள், இரண்டாவது வீட்டுக்கு 250.

ரூபாயாக மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏசியின் யூனிட்டுக்குச் சராசரி விலை போடக்கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், படிப்படியாக ஏறும் கட்டணம். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், டிவி எல்லாம் கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிடும். ஏசி வந்து உட்காருவது மேல்படியில். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த நூறுக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600 ஐத் தாண்டினால் 9 க்கு மேல், 800 ஐத் தாண்டினால் 10 க்கு மேல், 1,000 ஐத் தாண்டினால் 11 க்கு மேல். அதோடு 500 என்ற கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். கோட்டைத் தாண்டிய உடனே அந்தச் சலுகை போய்விடும். ஒரே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும்.

ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில் பில் ஆயிரத்துக்குள் இருக்கும். கோடையில் ஏசி அதோடு 330, 340 யூனிட் சேர்த்தால் பில் 3,700 ரூபாயை ஒட்டி வரும். யூனிட் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பில் நாலு மடங்கு. “மீட்டர் ஓடுதுங்க, ஏதோ கோளாறு” என்று இ.பி. ஆபீஸுக்குப் போகிற பலருக்கும் மீட்டரில் கோளாறு இல்லை, படிதான் ஏறியிருக்கிறது.

ஆகவே ஏசியின் ஒரு யூனிட்டை எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வடவள்ளி வீட்டுக்கு 5 ஸ்டாரால் வருடத்துக்கு 700 ரூபாய் மிச்சம், ஈரோட்டு வீட்டுக்கு 2,000. இரண்டு ஏசிக்கும் விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் ஈரோட்டுக்காரருக்கு நாலு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். வடவள்ளிக்காரருக்குப் பதினொரு வருடம் ஆகும், அதற்குள் ஏசியின் ஆயுளே முடிந்துவிடலாம். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 இலிருந்து 18 சதவீதமாக இறங்கிய பிறகு எல்லா விலையும் கொஞ்சம் தணிந்தது, ஆனால் இந்த இடைவெளி போய்விடவில்லை. ராத்திரி மட்டும், கோடையில் மட்டும் ஓட்டுபவர் நல்ல 3 ஸ்டார் இன்வர்ட்டர் ஏசி வாங்கினால் அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சமாகும் எட்டாயிரத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

அந்த வேலை மொட்டை மாடியில். கொங்கு ஊர்களில் இன்று கட்டும் வீடு என்றால் பெரும்பாலும் நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம், மேலே தட்டோடு அல்லது வெறும் சிமெண்ட் பூச்சு. மதிய வெயில் முழுவதையும் அது குடித்துவிட்டு மெதுவாகக் கீழே விடும். வெப்பம் தளத்தைக் கடந்து வர சில மணி நேரம் ஆவதால், சூரியன் போன பிறகும் சீலிங் சுட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். அந்த நேரத்தில் ஏசியைப் போட்டால் அது முதலில் உங்களைக் குளிர வைப்பதில்லை. தளத்தோடும் மேற்குச் சுவரோடும் மல்லுக்கட்டுகிறது. ஸ்டார் எத்தனை இருந்தாலும் அந்த வெப்பத்தை ஒவ்வொரு ராத்திரியும் அதுதான் இறைத்துக் கொட்ட வேண்டும்.

மாடியில் வெள்ளை அடிப்பது இருப்பதிலேயே மலிவு. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் கிடைக்கிறது, வெள்ளை டைல்ஸ் இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் சுண்ணாம்பே போதும். தூசி படிந்தால் வேலை செய்யாது, கோடை தொடங்கும் முன் ஒருமுறை கழுவ வேண்டும். சுண்ணாம்பு என்றால் மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும். நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல் வலையைத் தளத்திலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் கட்டினாலும் நல்ல பலன் இருக்கும், நடுவில் காற்று போக வேண்டும் என்பதுதான் முக்கியம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தடுக்கு சும்மாவே கிடைக்கும். சாயங்காலம் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேலை செய்யும்தான், ஆனால் மே மாதத்தில் சிறுவாணித் தண்ணீரை மாடியில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? சோலார் போடுவதாக இருந்தால் அந்தப் பேனல்களே பெரிய நிழல். 2024 இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறது. அது தனிக் கணக்கு, ஆனால் பேனலின் கீழே இருக்கும் படுக்கையறை குளிர்வதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய ஓட்டு வீட்டுக்கு வேறு சிக்கல். ஓட்டுச் சந்துகள் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும், கூரையும் உயரம். அங்கே ஃபால்ஸ் சீலிங் போடாமல் ஏசி மாட்டுவது ஊரையே குளிர வைக்கப் பார்ப்பதற்குச் சமம்.

மாடியைச் சரிசெய்தால் டன்னும் குறையும். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 120 சதுர அடி அறைக்கு ஒரு டன், 150 முதல் 180 வரை ஒன்றரை டன் என்பது கடைகளில் சொல்லும் பொதுக் கணக்கு. இது கீழ்த்தள அறைக்குப் பொருந்தும். மேல்தளம், மேற்கு ஜன்னல் என்றால் ஏற்றிப் போட வேண்டும். ஏசியின் திறனைச் சோதிப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. 41, 42 டிகிரியில் அதே ஏசி அந்த அளவு குளிரைத் தராது. கரூர்க்காரருக்கு இது முக்கியம், கோவைக்காரருக்கு அவ்வளவு இல்லை. வெள்ளை அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ மூங்கில் திரையோ தொங்கவிட்ட அறைக்கு ஒரு டன்னே போதும் என்று ஆனால், ஏசி விலையிலேயே பெயின்ட் செலவு திரும்பிவிடும். திரையை ஜன்னலுக்கு உள்ளே போட்டால் பலன் குறைவு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தடுத்து என்ன செய்ய?

இன்வர்ட்டர் ஏசியைப் பற்றிக் கோவைக்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. மில்லில் மோட்டாருக்கு டிரைவ் போட்டுத் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டுவதைப் பார்த்தவர்கள்தான். இங்கே அந்த மோட்டார் கம்ப்ரசருக்குள் இருக்கிறது. பழைய ஏசியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி ஓடும். இன்வர்ட்டரில் வேகம் குறைந்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போதுதான் யூனிட்டுக்கு அதிகக் குளிர் கிடைக்கும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை ரிமோட்டில் அணைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கிற பழைய பழக்கத்தை இதில் விட்டுவிடலாம். கரண்ட் போனால் வீட்டு யு.பி.எஸ்ஸில் இது ஓடும் என்று நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஓடாது. லைனின் கடைசியில் இருக்கும் கிராமத்து வீடுகளில், சுற்றிலும் தறியும் மோட்டாரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ஏசி தாங்கும் வோல்டேஜ் எல்லையைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், உங்கள் வீட்டு வோல்டேஜ் அதற்குக் கீழே போனால் மட்டும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அதனால் மின்சாரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ரிமோட்டில் எத்தனை வைப்பது? 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ஒட்டிய அறை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வர வேண்டும். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் போல மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. சென்னையில் 26 இல் வைத்தால் பிசுபிசுப்புப் போகாது என்று குறை சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. கடற்கரைக் காற்றில் ஏசியின் உழைப்பில் நல்ல பங்கு ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே போய்விடும். நமக்கு மலை மறைவுப் பிரதேசத்தின் வறண்ட வெயில். ஈரம் குறைவாக இருப்பதால் 26 இல் வைத்து மேலே ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலானோர்க்குப் போதும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் முழு வேகத்திலும் 30 வாட் சுற்றுவட்டாரம்தான், பழைய ஃபேனில் பாதிகூட இல்லை. ஐப்பசி மழைக்காலத்தில் சூடு இல்லாமல் புழுக்கம் மட்டும் இருக்கும் ராத்திரிகளுக்கு ஈரத்தை எடுப்பதற்கென்றே டிரை மோடு இருக்கிறது, அதைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

இதே வறட்சியால்தான் கரூர், ஈரோடு பக்கம் ஏப்ரலில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்கிறது. ஹாலுக்குக் கூலர், படுக்கையறைக்கு மட்டும் ஏசி என்று வைத்துக்கொள்வது சரியான ஏற்பாடு. கூலர் போட்ட அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சற்று நேரத்தில் குளியலறை மாதிரி ஆகிவிடும். ஏசி ஓடும் அறையில் கூலர் வைப்பது இரண்டையும் சண்டைக்கு விடுவது.

வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதிகூட மாட்டுவதில் நாம் காட்டுவதில்லை. அவுட்டோர் யூனிட் அறையின் வெப்பத்தோடு கம்ப்ரசர் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அதற்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடிச் சந்தில் எதிரெதிராக மாட்டினால் உங்கள் சூட்டை அவர் ஏசியும் அவர் சூட்டை உங்கள் ஏசியும் மாறி மாறி விழுங்கும். செம்புக் குழாய் திருட்டுக்குப் பயந்து கூண்டு போடுவது நியாயம்தான், கம்பிகள் நெருக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டோரை வெயில் விழும் மேற்குச் சுவரில் மாட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது.

அப்புறம் தூசி. சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று தறியும் பனியன் கம்பெனியும் இருக்கும் இடங்களில் பஞ்சுத் தூசிதான் ஏசிக்கு முதல் எதிரி. கம்பெனிப் புத்தகத்தில் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லியிருப்பார்கள். தறிக்குடோனுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர் வாரம் ஒருமுறை கழட்டிப் பார்த்தாலும் தப்பில்லை. வலை அடைத்தால் காற்று குறையும், குளிர் குறைந்தது போல இருக்கும், வீட்டில் யாராவது 20 க்கு இறக்குவார்கள், பில் ஏறும். அவுட்டோர் காயிலிலும் பஞ்சு கம்பளி போலப் படியும். அதைக் கழுவப் போரிங் தண்ணீர் பயன்படுத்தினால் உப்பு வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், நல்ல தண்ணீரில் முடிப்பது நல்லது. பிரஷரை அதிகம் வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சர்வீஸுக்கு வரும் மெக்கானிக் “கேஸ் கம்மியா இருக்குதுங்க, போட்டுரலாமுங்களா?” என்று கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள் அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே பேச்சு மறுபடி வரும், நடுவில் குறைந்த கேஸில் ஓடிய மாதங்களுக்கான கூடுதல் பில்லும் உங்களுடையது. இன்டோருக்கும் அவுட்டோருக்கும் செம்புக் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் முதலில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல கசிவுகள் அங்கேதான் இருக்கும். அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுதாக இழுத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும், அதுவும் தராசு வைத்து, யூனிட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில். புது ஏசி மாட்டும் நாளிலும் இந்த வேக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அவசரத்தில் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிற குறுக்குவழி இன்னும் நடக்கிறது. இப்போது விற்கும் பெரும்பாலான ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால் அந்தக் குறுக்குவழி ஆபத்தும்கூட. வெளியே போகும் ஆர்-32 ஒரு கிலோ என்றால் அது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ.